அரிவாளைக் கொஞ்சம் கீழே வையுங்கள்

கேள்வி: தாவரவியல் பூங்காவின் மிகப் பழைய பகுதி ஒன்று பல ஆண்டுகளாகப் புதர் மண்டிக் கிடக்கிறது. தன்னார்வலர்கள் இருபது பேர் சேர்ந்து சீரமைக்க அனுமதி வாங்கிவிட்டோம். எங்கே தொடங்குவது?

பதில்: எதையும் வெட்டாமல் தொடங்குங்கள். இருபது அரிவாள் இறங்கினால் ஒரே காலையில் இடம் பளிச்சென்று ஆகிவிடும். எது எங்கே நின்றது என்ற தடயமும் அத்தோடு போய்விடும். களை என்று நினைப்பது யாரோ தேடிக் கொண்டுவந்து நட்டதாக இருக்கலாம். கிழங்குச் செடிகள் பல மாதங்கள் மண்ணுக்கு மேலே தலையே காட்டாது. அதனால் ஓராண்டு முழுக்கப் பார்த்து, வரைபடத்தில் குறியுங்கள்.

மரத்தடி மண்ணைக் கையால் துழாவுங்கள், பழைய உலோகப் பெயர்ச்சீட்டு கிடைக்கலாம். சிலவற்றை மரப்பட்டையே விழுங்கியிருக்கும். துருவைச் சுரண்ட வேண்டாம். பக்கவாட்டில் டார்ச் அடித்தால் அழுந்திய எண் நிழலாக எழுந்து தெரியும். அந்த எண்ணோடு பூங்காவின் பதிவேட்டைப் புரட்டினால், செடி எங்கிருந்து, எந்த ஆண்டு வந்தது என்று பிடித்துவிடலாம். புதைந்த பாதையைக் கண்டுபிடிக்க மெல்லிய இரும்புக் கம்பி போதும். செருகிக்கொண்டே போங்கள், ‘டங்’ என்று நிற்கும் இடத்தில் கல்விளிம்பு இருக்கக்கூடும்.

ஓராண்டா என்று மலைக்காதீர்கள். லண்டன் கியூ பூங்காவில் டெம்பரேட் ஹவுஸ் என்ற கண்ணாடி மாளிகையைச் சீரமைக்க 2013-ல் மூடியவர்கள் 2018-ல்தான் திறந்தார்கள்.

கேள்வி: பூங்கா தொடங்கிய காலத்து வரைபடம் கிடைத்திருக்கிறது. அதில் இல்லாததை எல்லாம் அகற்ற வேண்டும் என்கிறார் எங்கள் குழுவில் ஒருவர்.

பதில்: அவரிடம் பதுவை நகரத் தாவரவியல் பூங்காவைப் பற்றிச் சொல்லுங்கள். இத்தாலியின் அந்தப் பூங்கா 1545-ல் தொடங்கியது. அங்கே இன்று இருப்பவற்றில் மிக மூத்த செடி, 1585-ல் நட்ட விசிறிப் பனை. உங்கள் நண்பரின் கணக்குப்படி, நாற்பது ஆண்டு பிந்தி வந்த குற்றத்துக்காக அதை வெட்டிச் சாய்க்க வேண்டும்! அங்கேயோ அதற்கென்று தனிக் கண்ணாடி வீடே கட்டிக் காக்கிறார்கள். உண்மையிலேயே அகற்றியாக வேண்டிய செடி என்றால், முதலில் விதையோ போத்தோ (நடுவதற்கு வெட்டும் கிளைத்துண்டு) எடுத்துக் கன்று உண்டாக்குங்கள். கன்று வேர் பிடித்த பிறகு பேசலாம்.

கேள்வி: பழைய கல்விளிம்புகளை ஒட்டச் சிமென்ட் போதும் என்கிறார் கொத்தனார்.

பதில்: போதாது. பழைய சுண்ணாம்புக் காரை மென்மையானது. தேய்மானம் வந்தால் காரைதான் உதிரும், கல் பிழைக்கும். சிமென்ட் இறுகி ஈரத்தை அடைத்துவிடும், கல்லின் முகம் பொரிந்து விழும். சுண்ணாம்பு வேலை தெரிந்தவரைத் தேடிப் பிடித்து, ஓரடி நீளம் மட்டும் பூசச் சொல்லுங்கள். ஒரு மழைக்காலம் தாக்குப்பிடித்தால் மீதியையும் அவரிடமே கொடுங்கள்.