டேட்டாபேஸில் இன்டெக்ஸ் என்றால் என்ன? தேடல் ஏன் வேகமாகிறது?

எந்தத் தகவல் எங்கே இருக்கிறது என்று வரிசைப்படுத்தி வைத்த தனிப் பட்டியல்தான் இன்டெக்ஸ். அது இல்லையென்றால் ஒரே ஒரு பெயருக்காக முழு அட்டவணையையும் அலசவேண்டி வரும்.

மேடையில் பேசும்போது இதற்கு உதாரணமாக நான் எடுப்பது மொய் நோட்டைத்தான். வந்தவர் வரிசைப்படி எழுதியிருப்பார்கள். ‘உசிலம்பட்டி மாமா எவ்வளவு செய்தார்?’ என்று கேட்டால் 40 பக்கமும் புரட்டணும். ஊர்வாரியாகப் பக்க எண்ணோடு தனித்தாள் இருந்தால் ஒரு நிமிஷ வேலை. போஸ்ட்கிரெஸ் என்ற டேட்டாபேஸ் மென்பொருள் வழக்கமாகப் போடும் பி-ட்ரீ (மரக்கிளை போலப் பிரிந்து போகும்) இன்டெக்ஸும் இப்படித்தான். ஒவ்வொரு படியிலும் தேடும் இடம் மளமளவென்று சுருங்குவதால், 10 லட்சம் பதிவுகளிலும் பொதுவாக 3, 4 படிகளில் ஆள் சிக்கிவிடுவார்.

சரி, எல்லாவற்றுக்கும் இன்டெக்ஸ் போட்டால் இன்னும் வேகமா? பலரும் அப்படித்தான் நினைக்கிறார்கள். ஆனால் ஒவ்வொரு புது மொய்யையும் எல்லாத் தாளிலும் எழுதவேண்டும், பந்தலில் கியூ நீண்டுவிடும்.