தேக்காவுக்கு அப்புறம் போகலாம், தம்பி

காரைக்குடியிலிருந்து ஒரு தம்பி கேட்டிருந்தார்: “ஆகஸ்டில் சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தில் முதுகலை சேர்கிறேன். வகுப்பு தொடங்குமுன் ஒரு நாள் முழுக்கக் கையில் இருக்கும். வளாகத்தையும் ஊரையும் எப்படிப் பார்ப்பது? லிட்டில் இந்தியாவிலேயே அறை எடுத்தால் சாப்பாட்டுக்குக் கஷ்டம் இருக்காதே?”

தம்பி, நான் தேவகோட்டைக்காரன். குடும்பத்தோடு இங்கேயே தங்கிவிட்டேன். அதனால் நாசூக்கு இல்லாமல் சொல்கிறேன்.

அந்த ஒரு நாளைச் சனி, ஞாயிறில் வைக்காதீர்கள். வளாகப் பேருந்துகள் அன்றைக்குக் குறைவு, சாப்பாட்டுக் கடைகளும் பாதி மூடியிருக்கும். வாரநாளில் காலையிலேயே கென்ட் ரிட்ஜ் ரயில் நிலையத்தில் இறங்குங்கள். பெயரிலேயே இருக்கிறது, அது ஒரு மலைமுகடு. அழகப்பா வளாகத்துச் சமதரையில் நடந்து பழகிய கால் இங்கே ஏறி இறங்கியே சலித்துப்போகும். வரைபடத்தில் ஒட்டினாற்போல் தெரியும் இரண்டு கட்டடங்களுக்கு நடுவே நாலு மாடிப் படிக்கட்டு இருக்கலாம். வளாகப் பேருந்துக்குக் காசு கிடையாது. முதலில் எங்கும் இறங்காமல் ஒரு சுற்று வந்துவிடுங்கள். ஒரே இடங்களுக்கு எதிரெதிர்த் திசையில் போகும் தடங்கள் உண்டு. மாறி ஏறினால் மேட்டையெல்லாம் சுற்றிக்கொண்டுதான் வகுப்புக்குப் போக வேண்டியிருக்கும்.

அடுத்த சுற்றில் உங்கள் துறை, மைய நூலகம், நெடுஞ்சாலைக்கு அந்தப் பக்கம் இருக்கும் யூனிவர்சிட்டி டவுன், இந்த மூன்றிலும் இறங்கிப் பாருங்கள். நூலகத்துக்குள் ஒரு மெல்லிய சட்டை கட்டாயம். வெளியே புழுக்கம் என்றால் உள்ளே ஏசி குளிர் எலும்புவரை போகும்.

மதியம் பசித்ததும் தேக்காவுக்கு, அதாவது நீங்கள் சொன்ன லிட்டில் இந்தியாவுக்கு, ரயில் பிடிக்காதீர்கள். அதைத்தான் முக்கியமாகச் சொல்ல வந்தேன். இங்கே தமிழ் நாலு ஆட்சிமொழிகளில் ஒன்று, ரயில் நிலையப் பெயர்ப் பலகையிலும் இருக்கிறது. தோசை, பரோட்டா, மல்லிகைப்பூ, எல்லாம் கிடைக்கும். அதுதான் ஆபத்தும். ஊர்ப் பையன்கள் நாலு பேரோடு ஒரே அறை, ஒரே மெஸ் என்று இருந்துவிட்டு, கூடப் படித்த சீனர், மலாய்க்காரர் ஒருவர் பெயர்கூடத் தெரியாமல் திரும்பிப் போனவர்களைப் பார்த்திருக்கிறேன். வளாகத்திலேயே சாப்பிடுங்கள். சோற்றை வாங்கி, வேண்டிய கறிகளை விரலால் காட்டினால் போதும், பெயர் தெரிய வேண்டியதில்லை. காலி மேசையில் காகிதக் கைக்குட்டைப் பொட்டலம் இருந்தால் அது யாரோ பிடித்துவைத்த இடம். சாப்பிட்ட தட்டை நீங்களே எடுத்துவையுங்கள். உணவங்காடிகளில் 2021 முதல் இது சட்டம்.

அறை விஷயமும் இதோடு சேர்ந்ததுதான். லிட்டில் இந்தியாவிலிருந்து தினமும் பொட்டானிக் கார்டன்ஸில் ரயில் மாறி, கென்ட் ரிட்ஜில் இறங்கி, பிறகு வளாகப் பேருந்து. விடுதி கிடைக்காவிட்டால் கிளமெண்டி பக்கம் பாருங்கள், அங்கிருந்து 96ஆம் எண் பேருந்து வளாகத்துக்கே வருகிறது. வாடகை எங்கேயும் அதிகம்தான்.

மாலை ஊர் பார்க்கலாம். மரீனா பே எங்கும் போய்விடாது. செட்டிநாட்டுப் பிள்ளை முதலில் போக வேண்டியது டேங்க் ரோடு. ஹார்பர்ஃப்ரன்ட்டில் ஊதாத் தடத்துக்கு மாறி, கிளார்க் கீயில் இறங்கினால் நடைதூரம். நகரத்தார் 1859இல் கட்டிய தெண்டாயுதபாணி கோயில் அது. இப்போதைய கட்டடம் பிற்காலத்தது. மதியம் நடை சாத்தியிருக்கும், அதனால்தான் மாலை என்கிறேன். தைப்பூசக் காவடிகள் சிராங்கூன் ரோடு பெருமாள் கோயிலில் புறப்பட்டு இங்கேதான் வந்து சேரும்.

கும்பிட்டுவிட்டு ஆற்றோரமாக நடந்து ராஃபிள்ஸ் பிளேஸ் பக்கம் மார்க்கெட் ஸ்ட்ரீட்டுக்கு வாருங்கள். கொண்டுவிற்க, அதாவது கடல் கடந்து தொழில் செய்ய, வந்த நகரத்தாரின் கிட்டங்கிகள் (வட்டிக்கடையும் தங்குமிடமும் சேர்ந்தவை) இருந்த தெரு. தரையில் உட்கார்ந்து, மரப்பெட்டிமேல் பேரேட்டை விரித்து வட்டிக்கணக்கு எழுதிய இடம். பெட்டியடிப் பையன் என்ற எடுபிடியாகச் சேர்ந்து, அடுத்தாள் என்ற உதவியாளாகி, கடையை நடத்தும் மேலாளாக உயர்ந்தவர்கள் உண்டு. அவர்கள் கணக்கு முடிந்ததும் ஊர் திரும்பினார்கள், வீடு கட்டினார்கள். பழைய கிட்டங்கி ஒன்றுகூட அங்கே மிச்சமில்லை. 51 மாடி கேப்பிட்டாஸ்பிரிங் கோபுரம் நிற்கிறது, அதன் நடு மாடிகளில் பொதுமக்களுக்கான தோட்டமும் உண்டு. திறந்திருக்கும் நேரத்தைப் பார்த்துக்கொண்டு ஏறுங்கள்.

ரயிலில் தண்ணீர்கூடக் குடிக்கக் கூடாது, 500 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) வரை அபராதம். வங்கி அட்டையையே வாசலில் தட்டி ஏறலாம். அப்புறம், நம் ஊரைவிட இரண்டரை மணி நேரம் முன்னே இருக்கிறோம். இரவு பத்து மணிக்கு அறைக்கு வந்து பேசினாலும் காரைக்குடியில் ஏழரைதான். குடையை மட்டும் ஊரிலிருந்தே எடுத்து வந்துவிடுங்கள், முதல் நாளே தேவைப்படும்.