ஒரு வருட எம்.எஸ்சி. என்றால் அரைப் படிப்பா?

கேள்வி: என் மகள் தருமபுரியில் பி.ஏ. பொருளாதாரம் முடித்திருக்கிறாள். இங்கிலாந்தில் எம்.எஸ்சி. பொருளாதாரத்துக்கு இடம் கிடைத்திருக்கிறது. இங்கே எம்.ஏ. இரண்டு வருடம், அங்கே ஒரே வருடம். அதற்குள் என்ன சொல்லித்தருவார்கள்? மார்க் எப்படிப் போடுவார்கள்?
(பாலக்கோட்டிலிருந்து ஒரு தந்தை)

பதில்: அரைப் படிப்பு இல்லை ஐயா, இடைவெளி இல்லாத படிப்பு. அங்கே முதுகலைக்கு 180 கிரெடிட். ஒரு கிரெடிட்டுக்கு 10 மணி நேர உழைப்பு என்று கணக்கு. ஆக 1,800 மணி நேரம். வகுப்பில் உட்காருவது அதில் கொஞ்சம்தான், மீதியை அவளே படித்துக்கொள்ள வேண்டும். கோடை விடுமுறையும் கிடையாது, அப்போதுதான் ஆய்வேடு எழுத வேண்டும்.

வழக்கமாக 120 கிரெடிட் பாடங்களுக்கு, 60 ஆய்வேட்டுக்கு. மைக்ரோ (தனி நுகர்வோர், நிறுவனங்களைப் பற்றியது), மேக்ரோ (நாட்டின் மொத்தப் பொருளாதாரம்), எகனோமெட்ரிக்ஸ் (பொருளாதாரத் தரவைப் புள்ளியியலால் அலசுவது) மூன்றும் கட்டாயம். வளர்ச்சிப் பொருளாதாரம், பன்னாட்டு வணிகம் போன்றவை விருப்பப் பாடங்கள்.

எல்லாரும் இங்கிலீஷை நினைத்துப் பயப்படுகிறார்கள். உண்மையில் பிள்ளைகள் தடுக்கி விழுவது கணக்கில். நம் தேர்வில் "தேவை நெகிழ்ச்சியை விளக்குக" (விலை மாறினால் தேவை எவ்வளவு மாறும் என்பது) என்றால் படம் போட்டு நாலு பக்கம் எழுதிவிடலாம். அங்கே ஒரு நுகர்வோரின் பயன்பாட்டுச் சார்பையும் (எதில் எவ்வளவு திருப்தி என்று சொல்லும் சூத்திரம்) வருமானத்தையும் விலைகளையும் கொடுத்து, லக்ராஞ்சு என்ற கணித முறையில் தேவைச் சார்பை, அதாவது எந்த விலையில் எவ்வளவு வாங்குவார் என்பதைக் கண்டுபிடிக்கச் சொல்வார்கள். அப்புறம் ஒரு விலையை ஏற்றி, வேறு பொருளுக்கு மாறுவதால் வரும் பதிலீட்டு விளைவு எவ்வளவு, வாங்கும் சக்தி குறைவதால் வரும் வருமான விளைவு எவ்வளவு என்று பிரிக்கச் சொல்வார்கள். மனப்பாடம் அங்கே கைகொடுக்காது.

மார்க்கைப் பார்த்தும் பதறாதீர்கள். 50 வாங்கினால் பாஸ், 60க்கு மேல் மெரிட், 70க்கு மேல் டிஸ்டிங்ஷன். 85, 90 என்று பார்த்துப் பழகிய வீட்டில் 64 அதிர்ச்சியாக இருக்கும். அங்கே அது நல்ல மார்க். பாடங்களில் சராசரி 58, ஆய்வேட்டில் 68 என்று வைத்துக்கொள்வோம். கிரெடிட்டால் பெருக்கிச் சேர்த்தால் மொத்தம் 61 சொச்சம். சராசரியை மட்டும் பார்க்கும் இடங்களில் அது மெரிட். ஆய்வேடு மூன்றில் ஒரு பங்கு என்பதன் பலன் இது.

இங்கே பெரியார் பல்கலைக்கழகக் கல்லூரிகளில் நாலு செமஸ்டர், இன்டர்னல் 25, எழுத்துத் தேர்வு 75. அரியர் விழுந்தாலும் பிறகு எழுதிக்கொள்ளலாம். அங்கே பெரும்பாலும் ஒரே ஒரு மறுதேர்வுதான். அதில் எவ்வளவு எழுதினாலும் 50க்கு மேல் போடமாட்டார்கள். கட்டுரைகளை டர்னிட்டின் (Turnitin) என்ற, காப்பியடித்ததைக் காட்டிக்கொடுக்கும் மென்பொருளில் போட்டுப் பார்ப்பார்கள். சீனியர் நோட்ஸைத் திருப்பி எழுதும் பழக்கம் இருந்தால் இப்போதே விடச் சொல்லுங்கள். மார்க் போவதோடு நிற்காது, ஒழுங்கு நடவடிக்கை வரை போகும்.

ஆய்வேட்டுக்குத் தலைப்பை வெளியே தேட வேண்டாம், உங்கள் ஊர்ப் பக்கத்திலேயே இருக்கிறது. "தமிழ்நாட்டு விவசாயம்" என்று எடுத்தால் கரை காணமுடியாது. ராயக்கோட்டைச் சந்தையில் தக்காளி விலை ஏறினால் பெங்களூரில் எத்தனை நாளில் ஏறுகிறது என்று கேட்டால் அது ஒரு கேள்வி. மண்டி விலைகள் அரசின் அக்மார்க்நெட் தளத்தில் நாள்வாரியாகக் கிடைக்கும். ஆனால் எந்தச் சந்தைக்கு எத்தனை வருடத் தரவு இருக்கிறது, நடுவில் எத்தனை நாள் விட்டுப்போயிருக்கிறது என்று தலைப்பை முடிவுசெய்யும் முன்பே பார்த்துவிட வேண்டும். ஜூலையில் பார்த்தால் நேரம் போயிருக்கும்.

சரி, கிளம்பும் முன் என்ன செய்யலாம்? பதினொன்று, பன்னிரண்டாம் வகுப்பு வணிகக் கணிதப் புத்தகங்களை எடுத்து அணிகள், வகைநுண்கணிதம், நிகழ்தகவு மூன்றையும் கையால் போட்டுப் பழகட்டும். வீடியோ பார்ப்பது போட்டதாகாது. புள்ளியியல் கணக்குக்கான ஆர் (R) மென்பொருள் இலவசம்; வீட்டுக் கணினியில் ஏற்றி ஒரு நேர்கோட்டுத் தொடர்புப்போக்கை (லீனியர் ரிக்ரஷன்) ஓட்டிப் பார்க்கட்டும். பல துறைகளில் வகுப்பு தொடங்கும் முன் கணக்குக்கென்றே தனி வகுப்பு நடக்கும். டிக்கெட் போடும்போது அந்தத் தேதியைப் பார்த்துப் போடுங்கள்.