பத்தி எண் மாறுவதில்லை: ஆட்சி மாற்றமும் அரசுப் பணியும் குறித்த கேள்வி பதில்

தலைமைச் செயலகத்தில் 1990-இல் பணியில் சேர்ந்து சார்புச் செயலாளராக ஓய்வு பெற்றவன் நான். 1991 முதல் 2011 வரை ஐந்து ஆட்சி மாற்றங்களைப் பிரிவு மேசையிலிருந்து பார்த்தவன் என்ற முறையில், ஆட்சி மாறும்போது நிர்வாகம் எப்படி இயங்குகிறது என்று நண்பர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு எனக்குத் தெரிந்த அளவில் விடை எழுதியிருக்கிறேன்.

கேள்வி (போட்டித் தேர்வுக்குப் படிக்கும் மாணவி, திருச்சி): ஐயா, தேர்தல் முடிவு வந்த மறுநாள் தலைமைச் செயலகத்தில் உண்மையில் என்னதான் நடக்கும்?

பதில்: வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு அமைச்சர் அறைகளின் பெயர்ப்பலகைகளைக் கழற்றுவதும், அவர்களுடைய நேர்முக உதவியாளர்கள் காகிதங்களைக் கட்டி எடுத்துச் செல்வதும்தான் தெரியும். பிரிவுகளில் நடப்பது வேறு. முந்தைய அமைச்சர்களின் ஆணைக்காகச் சுற்றோட்டத்தில் இருந்து, கையொப்பம் ஆகாமலே நின்றுபோன கோப்புகளெல்லாம் துறைக்குத் திரும்பி வரும். ஒவ்வொன்றையும் தன்பதிவேட்டில் (ஒவ்வொரு உதவியாளரும் தம்மிடம் வரும் தாள்களைக் குறித்துவைக்கும் பதிவேடு) சரிபார்த்து, எது வழக்கமான பணி, எது புதிய அரசின் கொள்கை முடிவுக்குக் காத்திருக்க வேண்டியது என்று பிரிக்க வேண்டும். அதே வேளையில், புதிய அமைச்சருக்காகத் துறையின் நிலை, நிதி ஒதுக்கீடு, நீதிமன்றத்தில் உள்ள வழக்குகள், முடிவெடுக்கக் கெடு நெருங்கும் பொருள்கள் ஆகியவற்றை விளக்கும் குறிப்பும் தயாராக வேண்டும்.

1996 மே மாதத்தில் அப்படித் திரும்பி வந்த கட்டு ஒன்றில், பணியில் இருக்கும்போதே இறந்துபோன ஓர் ஊழியரின் மனைவி கருணை அடிப்படையில் வேலை கேட்டு அனுப்பிய விண்ணப்பம் இருந்தது. கோப்பில் பத்தி பத்தியாக எண்ணிட்டு எழுதிவரும் குறிப்பு 14-ஆம் பத்தியோடு நின்றிருந்தது. நான் 15 என்று எண் இட்டுத் தொடர்ந்து எழுதினேன். ஆட்சி மாறியதற்காக ஒரு கோப்பில் மீண்டும் 1 என்று யாரும் தொடங்குவதில்லை. அந்த அம்மையார் தேர்தலுக்கு முன் என்ன கேட்டாரோ அதையேதான் தேர்தலுக்குப் பின்னும் கேட்டுக்கொண்டிருந்தார். அவருக்கான விதியும் அதுவேதான். நிலையான அரசுப் பணி என்று ஒன்று இருப்பது எதற்காக என்று யாராவது கேட்டால் எனக்கு அந்த 15 என்ற எண்தான் நினைவுக்கு வரும்.

கேள்வி (மென்பொருள் துறையில் பணிபுரிபவர், கோவை): அமெரிக்காவில் அதிபர் மாறினால் உயர் பதவிகளில் இருப்பவர்களும் மாறுகிறார்கள். மக்கள் வாக்களித்து வந்த கட்சி தன் ஆட்களை வைத்துக்கொள்வதில் என்ன தவறு? நாம் ஏன் பழைய ஆட்களையே வைத்திருக்கிறோம்?

பதில்: அங்கே அதிபர் நியமிக்கும் அரசியல் பதவிகள் ஏறத்தாழ 4,000, மற்றபடி கூட்டாட்சி அரசின் இருபது லட்சத்தை ஒட்டிய குடிமைப் பணியாளர்களில் மிகப் பெரும்பாலோர் தகுதி அடிப்படையில் வந்தவர்கள். ஒரு காலத்தில் அஞ்சலக வேலை வரை வென்ற கட்சிக்காரர்களுக்கே போய்க்கொண்டிருந்தது. 1881-இல் பதவி கேட்டுக் கிடைக்காத ஒருவன் அதிபர் கார்ஃபீல்டைச் சுட்ட பிறகு, தகுதி பார்த்துப் பணி தரும் பெண்டில்டன் சட்டம் 1883-இல் வந்தது. பிரிட்டன் 1854-இல் வந்த நார்த்கோட்–ட்ரெவெலியன் அறிக்கையின் வழியாகத் தேர்வுமுறையை நோக்கித் திரும்பியது. இந்திய மாகாணங்களிலேயே முதலாவதாக 1929-இல் பணித் தேர்வாணையம் அமைத்தது நம் சென்னை மாகாணம்தான் என்பதைப் பெருமையோடு சொல்லலாம்.

விடுதலைக்குப் பிறகு, வெள்ளையருக்கு வேலை செய்த ஐ.சி.எஸ். அதிகாரிகளை ஏன் வைத்துக்கொள்ள வேண்டும் என்ற கோபம் அரசியல் நிர்ணய சபையிலேயே எழுந்தது. அக்கோபம் நியாயமற்றது என்று நான் சொல்லமாட்டேன். விடுதலைப் போராட்டத்தில் சிறை சென்றவர்கள், தம்மைச் சிறைக்கு அனுப்பியவர்களோடே ஒரே மேசையில் அமர வேண்டியிருந்தது. 1949 அக்டோபரில் பட்டேல் அதற்கு விடையளித்தபோது, தம் கருத்துக்கு மாறாகக் குறிப்பு எழுதும் உரிமையைத் தம் செயலாளர்களுக்குக் கொடுத்திருப்பதாகச் சொன்னார். அரசமைப்புச் சட்டத்தின் 311-ஆவது பிரிவு அந்த எண்ணத்திற்குச் சட்ட வடிவம் தருகிறது: பொதுவாக, நியமித்தவருக்குக் கீழ்ப்பட்ட எவரும் ஓர் அரசு ஊழியரைப் பணிநீக்கம் செய்ய முடியாது; குற்றச்சாட்டைத் தெரிவித்து, விளக்கம் கேட்டு, விசாரணை நடத்திய பிறகே நீக்க முடியும்.

கேள்வி (அதே நண்பர்): அப்படியானால் ஆட்சி மாறியதும் ஆட்சியர்களும் செயலாளர்களும் பட்டியல் பட்டியலாக மாற்றப்படுவது எப்படி?

பதில்: 311-ஆவது பிரிவு பணிநீக்கத்திற்கு எதிரான காப்பு; இடமாற்றத்திற்கு எதிராக அதில் ஒரு சொல்லும் இல்லை. நம் அமைப்பின் பெரிய ஓட்டை இதுவே என்பது என் உறுதியான கருத்து. ஊதியம் குறையாது, பதவிப் பெயரும் போகாது. ஆனால் குடும்பம் வேறு ஊருக்குப் போக வேண்டும், பிள்ளையின் பள்ளி மாற வேண்டும், அல்லது அதிகாரி எந்தப் பணியிடமும் தரப்படாமல் கட்டாயக் காத்திருப்பில் வைக்கப்படலாம். முன்னாள் அமைச்சரவைச் செயலாளர் டி.எஸ்.ஆர். சுப்பிரமணியன் தொடுத்த வழக்கில் 2013 அக்டோபர் 31 அன்று உச்ச நீதிமன்றம், இடமாற்றங்களைப் பரிந்துரைக்கக் குடிமைப் பணிகள் வாரியம் வேண்டும், பதவியில் குறைந்தபட்சக் காலம் உறுதி செய்யப்பட வேண்டும் என்று தீர்ப்பளித்தது. அதன் தொடர்ச்சியாக இ.ஆ.ப. அதிகாரிகளுக்குக் குறைந்தபட்சம் இரண்டு ஆண்டு என்று விதி திருத்தப்பட்டது. ஆயினும் வாரியத்தின் தலைவர் தலைமைச் செயலாளர். அவரோ முதலமைச்சர் தேர்ந்தெடுத்தவர். காரணத்தை எழுதிவைத்து வாரியத்தின் பரிந்துரையைத் தள்ளவும் அரசுக்கு இடம் உண்டு. எந்தக் கட்சி ஆண்டாலும் இந்த வழியை அடைக்க விரும்பியதாக நான் கண்டதில்லை.

கேள்வி (பெயர் வெளியிட விரும்பாதவர், விழுப்புரம் மாவட்டம்): என் அத்தை மக்கள் நலப் பணியாளராக இருந்தவர். ஒவ்வோர் ஆட்சி மாற்றத்திலும் அவர் வேலை போனது. அரசு ஊழியருக்குப் பாதுகாப்பு உண்டு என்கிறீர்களே, அத்தைக்கு ஏன் இல்லை?

பதில்: தங்கள் அத்தை பட்ட துன்பத்தைச் சட்டப் பிரிவு எண்களால் தேற்ற முடியாது என்பதை அறிந்தே எழுதுகிறேன். ஊராட்சிகளில் அரசின் நலத்திட்டப் பணிகளுக்கான அந்தப் பணியிடங்கள் 1989-இல் தி.மு.க. அரசால் உருவாக்கப்பட்டு, 1991-இல் அ.தி.மு.க. அரசால் கலைக்கப்பட்டன; அடுத்து வந்த தி.மு.க. ஆட்சியில் மீண்டும் தரப்பட்டு, 2001-இல் மீண்டும் பறிக்கப்பட்டன. 2006-இல் மறுபடி வந்து, 2011 நவம்பரில் ஏறத்தாழ 13,500 பேர் ஒரே ஆணையில் வெளியேற்றப்பட்டார்கள். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், ஊரக வேலை உறுதித் திட்டத்தின் கீழ் மாதம் 7,500 ரூபாயில் விரும்புவோருக்குப் பணி தர 2022-இல் அரசு முன்வந்ததை 2023-இல் நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. இருபது வயதில் சேர்ந்தவர் ஐம்பதைக் கடந்திருப்பார்.

இதற்குக் காரணம் நியமனத்தின் வேரில் இருக்கிறது. தேர்வாணையத்தின் வழியாக, பணி விதிகளின் கீழ் நிரப்பப்படும் பணியிடம் ஒரு வகை. ஒரு திட்டத்தின் பெயரால் அரசாணை ஒன்றில் பிறக்கும் பணியிடம் வேறு வகை. பின்னதை இன்னோர் அரசாணையால் முடித்துவிடலாம் என்ற எண்ணம் ஆள்வோருக்கு எளிதில் வருகிறது. பணியிடத்தையே ஒழிப்பது ஊழியரைத் தண்டிப்பதாகாது என்பதால் 311-ஆவது பிரிவின் விசாரணைக்கும் அங்கே இடமில்லை. இதற்கு முன்னோடி, 1980 நவம்பரில் எம்.ஜி.ஆர். அரசு கர்ணம், கிராம முன்சீப் முதலிய பகுதிநேரக் கிராம அலுவலர் பணியிடங்களை, சுமார் 23,000 என்று நினைவு, அவசரச் சட்டத்தால் ஒழித்தது. 1982-இல் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது. ஆனால் ஒழிப்பு நல்லெண்ணத்தோடு செய்யப்பட வேண்டும் என்பதையும் சொன்னது.

இரண்டையும் நான் ஒரே தட்டில் வைக்கமாட்டேன். 1980-இல் சில குடும்பங்களின் கையில் தலைமுறை தலைமுறையாக இருந்த ஊர்க்கணக்கு, எந்தச் சாதியில் பிறந்தவரும் தேர்வெழுதி வரக்கூடிய கிராம நிர்வாக அலுவலர் பதவியாக மாறியது. மக்கள் நலப் பணியாளர் விவகாரத்திலோ வேலை அமைப்பு மாறவில்லை. எந்த ஆட்சியில் நியமிக்கப்பட்டார்கள் என்பது ஒன்றே அவர்கள் மீது ஒட்டிக்கொண்டது. கொடுத்தவர்கள் முறையான விதிகளோடு கொடுத்திருக்க வேண்டும். பறித்தவர்கள் மாற்று வழி காட்டாமல் பறித்திருக்கக் கூடாது.

கேள்வி (ஆசிரியர், மதுரை): 2003-இல் அரசு ஊழியர்களும் ஆசிரியர்களும் நடத்திய வேலைநிறுத்தத்தில் விசாரணை இல்லாமலே எங்களை நீக்கினார்களே?

பதில்: ஆம். அவசரச் சட்டத்தின் கீழ் ஒன்றரை லட்சத்திற்கும் மேற்பட்டோர் நீக்கப்பட்டனர். உச்ச நீதிமன்றத்தின் அறிவுரைக்குப் பின் மன்னிப்பும் உறுதிமொழியும் எழுதித் தந்தவர்களில் பெரும்பாலோர் திரும்ப எடுக்கப்பட்டார்கள். எஞ்சியவர்களின் நிலையை ஓய்வுபெற்ற மூன்று நீதிபதிகள் பரிசீலித்தார்கள். வேலைநிறுத்தம் செய்யும் உரிமை அரசு ஊழியருக்கு இல்லை என்று அதே ஆண்டு ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பை என்னால் இன்றுவரை மனதார ஏற்க முடியவில்லை.

கேள்வி (இளநிலை உதவியாளர், வேலூர்): மேலிடத்திலிருந்து வாய்மொழியாக ஓர் உத்தரவு வருகிறது. விதிக்குப் பொருந்தவில்லை என்று தோன்றுகிறது. என்ன செய்வது அண்ணா?

பதில்: எழுதுங்கள் தம்பி. அகில இந்தியப் பணி நடத்தை விதிகளே மேலதிகாரியின் ஆணை எழுத்தில் இருக்க வேண்டும், வாய்மொழியாகத் தர நேர்ந்தால் பின்னர் எழுத்தில் உறுதிசெய்ய வேண்டும் என்கின்றன. 2013 தீர்ப்பும் அதையே வலியுறுத்தியது. பணிவோடு, "இன்று தொலைபேசியில் தெரிவிக்கப்பட்ட அறிவுரைப்படி" என்று தொடங்கி, பொருந்தும் விதி எண்ணைக் குறிப்பிட்டு, உறுதிப்பாட்டுக்காகச் சமர்ப்பித்துவிடுங்கள். உத்தரவிட்டவர் விரும்பினால் அதன் கீழே கையொப்பம் இடுவார்.

ஒருமுறை நான் இதைச் செய்யத் தவறினேன். எந்தத் துறை என்பது வேண்டாம். மாலை ஆறரை மணிக்கு வந்த ஒரு தொலைபேசி அழைப்பை நம்பி, நிதித்துறையின் இசைவு வரும் முன்பே ஒரு கொள்முதலுக்கான கடிதத்தை அனுப்பிவிட்டேன். குறிப்பில் ஒரு வரி எழுதவில்லை. மூன்று ஆண்டுகள் கழித்து அந்தச் செலவுக்குத் தணிக்கைத் தடை (தணிக்கையாளர்களின் ஆட்சேபணை) வந்தபோது, அழைத்தவர் ஓய்வு பெற்றிருந்தார், அரசும் மாறியிருந்தது, கோப்பில் இருந்தது என் சுருக்கொப்பம் ஒன்றுதான். விளக்கம் எழுதி, திரும்ப விளக்கம் எழுதி, பதவி உயர்வு பதினான்கு மாதம் தள்ளிப்போனது. அந்தக் கோப்பின் நகலை இன்னும் வீட்டில் வைத்திருக்கிறேன்; 22-ஆம் பத்திக்கும் 23-ஆம் பத்திக்கும் இடையில் நான் எழுதாமல் விட்ட வரிக்குப் போதுமான இடம் இருக்கிறது.