ஜைரோ பொருத்தினால் விமானம் விழவே விழாதா?

கேள்வி: ஓராண்டாக ஃபோம் பயிற்சி விமானம் ஒன்றை ரிமோட்டில் பறக்கவிட்டு வருகிறேன். கேளம்பாக்கம் பக்கம் பிற்பகலில் கடற்காற்று எழுந்துவிட்டால் இறக்கைகள் தள்ளாடுகின்றன. ரிட்சி தெருவில் ஒரு கடைக்காரர், மூன்று அச்சு ஜைரோ பொருத்தினால் விமானம் விழவே விழாது என்கிறார்; பிரித்த பொருளைத் திரும்பப் பெற மாட்டோம் என்றும் எழுதி ஒட்டியிருக்கிறார். வாங்கலாமா?

பதில்: வாங்கலாம், ஆனால், அந்த 'விழவே விழாது' என்ற பேச்சை நம்பி வாங்காதீர்கள். விமானம் எந்த அச்சில் எவ்வளவு வேகமாகத் திரும்புகிறது என்பதை மட்டுமே ஜைரோ அறியும். காற்று மோதி வலது இறக்கை தாழ்ந்தால், உங்கள் விரல் ஸ்டிக்கை அசைப்பதற்கு முன்பே ஏலரானை (இறக்கையின் பின்விளிம்பில் உள்ள அசையும் தகடு) அசைக்கும் சர்வோ என்ற சிறு மோட்டாருக்கு அது திருத்தம் அனுப்பிவிடுவதால், நீங்கள் சொல்லும் தள்ளாட்டம் பெருமளவு அடங்கும். ஸ்டிக்கை விட்டதும் விமானம் தானே மட்டத்துக்கு வர வேண்டுமானால், முடுக்கமானியும் (சாய்வை அறிய உதவும் சென்சார்) சேர்ந்த கருவியாகக் கேட்டு வாங்க வேண்டும். எதுவானாலும், வேகம் குறைந்து, இறக்கை தூக்குவிசையை இழந்து 'ஸ்டால்' ஆவதை அது தடுக்காது. வால் கனத்த விமானத்தின் குறையையும் சற்று மறைக்குமே தவிர, தீர்க்காது. ஆகவே முதலில் சி.ஜி. எனப்படும் ஈர்ப்பு மையத்தைச் சரிபார்த்துவிடுங்கள்.

ரிசீவருடன் (ரிமோட்டின் சிக்னலை விமானத்தில் வாங்கும் கருவி) ஒரே பெட்டியாக இணைந்த ஜைரோவில் வயர் குறைவுதான், ஆனால், 2.4 கிகாஹெர்ட்ஸ் என்று அச்சிட்டிருப்பதாலேயே அது உங்கள் ரிமோட்டுடன் பேசிவிடாது. இப்போதுள்ள ரிசீவர் நன்றாக இயங்குமானால், ரிமோட்டின் ஒரு சுவிட்சிலிருந்து அணைக்கக்கூடிய தனி ஜைரோவே போதும் என்பது என் கருத்து.

வாங்கிய அன்றே வீட்டில் சோதித்துவிடுங்கள். மின்சாரம் கொடுத்ததும், கருவி தன்னைச் சீர்செய்துகொள்ளும் சில விநாடிகளுக்கு விமானத்தை அசைக்கக் கூடாது. பிறகு, புரொப்பெல்லரைக் கழற்றிவிட்டு, விமானத்தைக் கையில் பிடித்து வலது இறக்கையைச் சட்டெனத் தாழ்த்தினால், அந்தப் பக்க ஏலரான் கீழே இறங்க வேண்டும். மூக்கைத் தூக்கினால் வாலில் உள்ள எலிவேட்டர் தகடு கீழே போக வேண்டும். ஸ்டிக்குக்குச் சரியாக அசைகிறதே என்று இதை விட்டுவிடாதீர்கள், ஏனெனில் ஜைரோவின் திசை தனி அமைப்பு. அது தலைகீழாக இருந்தால், சிறு சாய்வையும் பெருஞ்சாய்வாக்கிப் புறப்பட்ட சில விநாடிகளிலேயே விமானத்தைத் தரையில் மோதவைத்துவிடும். ஜைரோ எவ்வளவு வலுவாகத் திருத்த வேண்டும் என்பதைக் குறிக்கும் கெயினைக் குறைவாக வைத்துத் தொடங்குங்கள். வேகமாகப் பறக்கும்போது இறக்கை படபடவென நடுங்கினால் கெயின் மிகுதி என்று பொருள்.

திசை தலைகீழாக இருப்பது பழுதல்ல, அமைப்பில் மாற்றிக்கொள்ளலாம். சாதாரண ஜைரோ முறையில், மேசைமேல் அசையாமல் கிடக்கும்போதே சர்வோக்கள் ஒரு பக்கமாக நகர்ந்துகொண்டே போனால், அதைப் பழுதெனச் சந்தேகிக்கலாம். பழுதுள்ள பொருளை, பில்லில் குறித்த காலத்துக்குள், எதுவும் குறிக்காவிட்டால் 30 நாட்களுக்குள், திரும்பப் பெற மறுப்பது நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019-இன்படி முறையற்ற வணிக நடைமுறையாகும். சுவரில் ஒட்டிய தாள் அதை மாற்றிவிடாது. மாடல் பெயர் எழுதிய பில்லைக் கேட்டு வாங்குங்கள். கடைக்காரர் மறுத்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகாரைப் பதிவு செய்யலாம்.