புதிய புரொசசர் பொருத்தியதும் திரை கறுப்பாவது ஏன்?

கணினி: கேள்வி – பதில்

கேள்வி: கொட்டகலையில் சிறிய கொமியூனிகேஷன் ஒன்றை நடத்தி வருகிறேன், திருமண அல்பங்களும் வடிவமைத்துக் கொடுப்பதுண்டு. 2019இல் வாங்கிய என் கணினியில் பி450 மதர்போர்டும் ரைசன் 3 2200ஜி புரொசசரும் இருந்தன. வேகம் போதாததால் பாவித்த ரைசன் 5 5600 ஒன்றை வாங்கிப் பொருத்தினேன். விசிறிகள் சுழல்கின்றன, ஆனால் திரையில் எதுவும் வருவதில்லை. விற்றவர் பொருள் நல்லதுதான் என்கிறார். ஈரலிப்பால் மதர்போர்ட் பழுதாகியிருக்கும், கொழும்புக்கு அனுப்புங்கள் என்கிறார் நண்பர். யார் சொல்வதைக் கேட்பது?
– வாசகர், கொட்டகலை

பதில்: விற்றவர் சொல்வது உண்மையாக இருப்பதற்கே வாய்ப்பு அதிகம். நுவரெலியா மாவட்டத்தில் எந்தக் கணினி படுத்தாலும் பழியை ஈரலிப்பின் மேல் போடுவது நமக்கு வழக்கமாகிவிட்டது. நேற்று வரை வேலை செய்த மதர்போர்ட் புரொசசரை மாற்றிய அதே மணியில் ஈரத்தால் பழுதானது என்பதை நம்புவது கடினம். இரண்டு புரொசசர்களும் 65 வோட்ஸ் வகையைச் சேர்ந்தவை என்பதால் பவர் சப்ளையையும் சந்தேகிக்கத் தேவையில்லை. புரொசசருக்கு அருகில் செருக வேண்டிய தனி மின் இணைப்பை மறந்துவிட்டாலும் விசிறிகள் சுழலும், திரை வராது; அதை மட்டும் முதலில் பார்த்துவிடுங்கள்.

உங்கள் கணினியில் ஒன்றையொன்று மறைத்துக்கொண்டு இரண்டு காரணங்கள் இருக்கின்றன என்பது என் கணிப்பு. முதலாவது பயாஸ், அதாவது கணினியைத் தொடக்கி வைக்கும், மதர்போர்டிலேயே பதிந்துள்ள மென்பொருள். பி450 மதர்போர்ட்கள் 2018இல் வந்தவை. ரைசன் 5000 வரிசையோ 2020 நவம்பரில்தான் வெளியானது. அவ்வரிசைக்கான பயாஸ் பி450 மதர்போர்ட்களுக்குப் பரவலாக 2021இலிருந்துதான் கிடைக்கத் தொடங்கியது. உங்களுடைய 5600 அதற்கும் பிந்தி, 2022இல் வந்தது. ஆகவே 2019இல் வாங்கிய மதர்போர்டில் பயாஸை ஒருமுறையேனும் புதுப்பிக்காதிருந்தால், ஏஎம்4 சொக்கெட்டில் புரொசசர் சரியாக அமர்ந்தாலும் அது என்னவென்று மதர்போர்டுக்குத் தெரியாது.

இதற்குத் தீர்வு பழைய 2200ஜியிடமே இருக்கிறது. அதை விற்றுவிடாமல் வைத்திருப்பீர்கள் என நம்புகிறேன். கூலரைக் கழற்றும்போது நேராக மேலே இழுக்காமல், இடமும் வலமுமாக மெல்லத் திருப்பி, பசையின் பிடி விட்ட பிறகே தூக்குங்கள். ஏஎம்4 வகையில் ஊசிகள் புரொசசரின் அடியில்தான் இருக்கின்றன, மொத்தம் 1331. பூட்டுக்கம்பி மூடியிருக்கும்போதே புரொசசர் கூலருடன் ஒட்டிக்கொண்டு வெளியே வந்து ஊசிகள் வளைவது மிகச் சாதாரணமாக நடக்கும் விபத்து. 5600இன் ஊசிகளையும் நல்ல வெளிச்சத்தில் பக்கவாட்டாகப் பார்த்து, வரிசை கோணியிருக்கிறதா எனக் கவனியுங்கள்.

2200ஜியை மீண்டும் பொருத்திக் கணினி இயங்கியதும், மதர்போர்டின் ஓரத்தில் அச்சிடப்பட்டுள்ள மொடல் பெயரையும் ரிவிஷன் எண்ணையும் அப்படியே எழுதிக்கொண்டு, உற்பத்தியாளரின் இணையதளத்தில் புரொசசர் ஆதரவுப் பட்டியலைத் திறவுங்கள். 5600க்கு நேரே குறைந்தபட்சம் எந்தப் பயாஸ் பதிப்பு தேவை என்று அங்கே இருக்கும். சில மதர்போர்ட்களில் இடைப்பட்ட ஒரு பதிப்பை ஏற்றிய பின்னரே புதியதை ஏற்ற முடியும் என்பதால் அதனருகில் உள்ள குறிப்பையும் வாசியுங்கள். கோப்பை எஃப்ஏடி32 முறையில் ஃபோர்மட் செய்த பென் ட்ரைவில் இட்டு, பயாஸுக்குள் இருக்கும் புதுப்பிக்கும் வசதியின் வழியாக ஏற்றலாம்.

அந்தச் சில நிமிடங்களுக்குள் மின்சாரம் போனால் நல்ல மதர்போர்டும் உண்மையாகவே பழுதாகிவிடலாம். நம் மலைப்பகுதியில் இதைப் பெரிதாகவே எடுத்துக்கொள்ள வேண்டும். யூபிஎஸ் இல்லாமல் தொடங்காதீர்கள். கொமியூனிகேஷன் நடத்தும் உங்களிடம் ஒன்று இருக்கத்தான் வேண்டும். ஒக்டோபர், நவம்பர் மாதங்களானால் பிற்பகலில் இடியுடன் மழை வருவது வழக்கம் என்பதால் காலையிலேயே முடித்துவிடுங்கள்.

பயாஸ் ஏறிய பின் 5600ஐப் பொருத்தினாலும் திரை கறுப்பாகவே இருக்கும். இதுதான் இரண்டாவது காரணம். பலர் சோர்ந்துபோவதும் இந்த இடத்தில்தான். 2200ஜிக்குள் வேகா கிராஃபிக்ஸ் இருந்ததால் மதர்போர்டின் எச்டிஎம்ஐ துளையிலேயே மொனிட்டரை இணைத்திருப்பீர்கள். 5600க்குள் கிராஃபிக்ஸ் கிடையாது. அந்தத் துளைக்கு இனிப் படம் வராது. தனிக் கிராஃபிக்ஸ் கார்ட் ஒன்றைச் செருகி, மொனிட்டர் கேபிளை அந்தக் கார்டில் இணைக்க வேண்டும்.

கார்ட் வாங்கும் எண்ணமில்லையென்றால், விற்றவரிடம் கதைத்து 5600ஜியாக மாற்றிக்கொள்ளுங்கள். அதிலும் 6 கோர்களும் 12 திரெட்களும் உள்ளன. கிராஃபிக்ஸும் உள்ளே இருக்கிறது. எல்3 கேஷ் எனப்படும், புரொசசருக்குள்ளேயே இருக்கும் வேக நினைவகம் 32 எம்பிக்குப் பதிலாக 16 எம்பிதான் என்றாலும் அல்பம் வடிவமைப்பில் அது உங்களுக்கு உறைக்கப் போவதில்லை. உங்கள் இடத்தில் நான் இருந்தால் இதைத்தான் செய்வேன். பயாஸை மட்டும் எப்படியும் புதுப்பித்தே ஆக வேண்டும். 5600ஜியும் அதே 5000 வரிசைதான்.

கேள்வி: ரைசன் புரொசசரை மாற்றியதும் எஃப்டிபிஎம் பற்றி ஏதோ சொல்லி, 'வை' அல்லது 'என்' விசையை அழுத்தும்படி கேட்கிறது. எதை அழுத்துவது?
– வாசகி, பண்டாரவளை

பதில்: எஃப்டிபிஎம் என்பது இரகசியச் சாவிகளை வைத்திருக்கும் பாதுகாப்புப் பகுதி; 'வை' அழுத்தினால் அது புதிதாகத் தொடங்கும். ஆகவே விண்டோஸில் வட்டைப் பூட்டிவைக்கும் பிட்லொக்கர் வசதி இயங்குகிறதா என்பதைப் பொறுத்தது. இல்லையெனில் தயங்காமல் 'வை' அழுத்துங்கள். இயங்கினால், 48 இலக்க மீட்பு எண் கையில் இருக்கும்போது மட்டுமே 'வை'. அது பெரும்பாலும் உங்கள் மைக்ரோசொஃப்ட் கணக்கில் சேமிக்கப்பட்டிருக்கும். எண் கிடைக்காவிட்டால் 'என்' அழுத்திக் கணினியை அணைத்து, பழைய புரொசசரைத் திரும்பப் பொருத்தி, பிட்லொக்கரை நிறுத்திய பின் மீண்டும் மாற்றுங்கள்.