கொழுந்தனார் கடனுக்காக பிஎஃப் பணத்தை எடுக்கலாமா?

கேள்வி: திருப்பூர்ல ஒரு பனியன் கம்பெனியில 8 வருஷம் ஓவர்லாக் டெய்லரா இருந்தேன். வயசு 43. சரவாங்கி வந்து ரெண்டு கை வெரலும் கோணிப்போச்சு, துணியைப் புடிச்சு ஓட்ட முடியல, வேலை போயி 3 மாசம் ஆச்சு. பிஎஃப் பிடிக்கற சம்பளம் 12,000. வீட்டுக்காரர் லோடு ஆட்டோ ஓட்டறார், மாசம் 14,000 வரும். என் பேர்ல ரெண்டு குரூப் லோன், டியூ 3,200, 2,900. 4 பவுன் நகை அடமானத்துல இருக்கு, 1,10,000க்கு மாசம் 1,600 வட்டி மட்டும் கட்டறோம். முதல் லோனும் நகையும் கொழுந்தனாரோட செல்போன் கடைக்காக. 5 மாசம் டியூ குடுத்தார், அப்புறம் இல்ல, அதைக் கட்டத்தான் ரெண்டாவது லோன் எடுத்தேன். பிஎஃப்ல 1,60,000 இருக்கு. அதைக் குடுத்தா ட்ரேடிங்ல போட்டு மாசம் 5,000 தர்றேங்கறார். பேங்க்ல ஒருத்தர் யூலிப்ங்கற இன்சூரன்ஸ் பாலிசி போடச் சொல்றார். என்ன பண்ணட்டும்? (பொண்ணு டைப் பண்ணிக் குடுக்குது, என் வெரல் போன்ல நிக்கல.)

பதில்: சகோதரி, சிக்கனமா இருங்கன்னு உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்ல, 14,000ல வீடு நடத்தறவங்களுக்கு அது தெரியும். உங்க பிரச்சினை செலவு இல்ல, கொழுந்தனார் கேட்கறப்பல்லாம் உங்க பேர்ல கடன் வாங்கிக் குடுக்கறதும், அவர் கட்டாததை இன்னொரு கடன் வாங்கி நீங்க கட்டறதும்தான். கணக்கைப் பாருங்க, 3,200 + 2,900 + 1,600 = 7,700. வர்றது 14,000. பாதிக்கு மேல கடனுக்கே போகுது. குரூப் லோன் குடுக்கறப்ப வீட்டோட மொத்த டியூ வருமானத்துல பாதியைத் தாண்டக்கூடாதுன்னு ரிசர்வ் வங்கி 2022லயே விதி போட்டுருக்கு, அதனால மூணாவதா ஒருத்தர் லோன் தர்றேன்னு வந்தா சந்தோஷப்படாதீங்க, கதவைச் சாத்துங்க.

மாசம் 5,000ங்கறது வருஷத்துக்கு 60,000. 1,60,000க்கு அது 37 பர்சென்ட்டுக்கு மேல. கடை டியூ 3,200 கட்ட முடியாதவர் ட்ரேடிங்ல இதைச் சம்பாதிச்சுத் தருவாராம், நாம நம்பணுமாம். வேண்டாம். மாமியார் கோவிச்சுக்குவாங்கதான், கோவிச்சுக்கட்டும். யூலிப்பும் வேண்டாம், வேலை இல்லாதவங்ககிட்ட 5 வருஷம் பணத்தைப் பூட்டி வைக்கச் சொல்றவருக்கு உங்க கையைப் பத்தி என்ன கவலை?

இப்ப வர வேண்டிய பணத்தைப் பாப்போம், இதைத்தான் நீங்க யாருமே கேட்கல. 8 வருஷம் ஆச்சுன்னா கிராஜுவிட்டி உண்டு, அதாவது வேலையை விட்டு வர்றப்ப கம்பெனி தர வேண்டிய பணம். 12,000ஐ 26ஆல வகுத்து 15ஆல பெருக்கி 8 வருஷத்துக்குப் போட்டா சுமார் 55,000. கம்பெனியில எழுத்துல கேளுங்க, "அதெல்லாம் இல்லம்மா"ன்னு வாய்ல சொன்னா விடாதீங்க, லேபர் ஆபீஸ்ல மனு போடலாம். அடுத்தது ஈஎஸ்ஐ, அதாவது தொழிலாளர் காப்பீடு. உடம்பு முடியாம லீவுன்னு ஈஎஸ்ஐ டாக்டர் சர்டிபிகேட் குடுத்தா வருஷத்துல 91 நாள் வரைக்கும் சம்பளத்துல 70 பர்சென்ட், ஒரு நாளைக்கு ரஃப்பா 280 ரூபா, முழுசா கெடைச்சா 25,000. கட்டின சந்தாவுக்கான பலன் காலம் வேலை போன பிறகும் கொஞ்ச நாள் ஓடும், அதனால பிராஞ்ச் ஆபீஸுக்கு இந்த வாரமே போங்க.

பிஎஃப் பணத்தை எடுத்துக் குடுக்கறேன்னு பிரவுசிங் சென்டர்ல பிஎஃப்போட சேந்த பென்ஷன் பணத்தை எடுக்கற 10சி ஃபார்மையும் சேத்து போட்டுருவாங்க, அங்கதான் ஜாக்கிரதை. 10 வருஷம் ஆகாதவங்க 10சி போட்டு எடுத்துட்டா பென்ஷன் உரிமையே போயிரும். வேலையில இருக்கறப்பவே நிரந்தரமா முடியாமப் போனா ஊனப் பென்ஷன் உண்டு, அதுக்கு 10 வருஷம் வேணும்னு இல்ல. 12,000 × 8 ÷ 70, மாசம் சுமார் 1,370. அதுக்கு போட வேண்டியது ஃபார்ம் 10டி. மெடிக்கல் போர்டு பாக்கும், கம்பெனியில இருந்தப்பவே கை போச்சுன்னு காட்டற பழைய ஆஸ்பத்திரி சீட்டு ஒண்ணு விடாம எடுத்து வைங்க.

யூடிஐடி கார்டுக்கும், அதாவது மாற்றுத்திறனாளி அடையாள அட்டைக்கும் மனு போடுங்க. 40 பர்சென்ட் ஊனம்னு வந்தா தமிழ்நாடு அரசோட மாற்றுத்திறனாளி உதவித்தொகை 1,500க்கு கேட்கலாம். டாக்டர் முன்னாடி "பரவால்லீங்க, சமாளிச்சுக்குவேன்"னு சொல்லிராதீங்க, நம்ம பொம்பளைங்க அதைத்தான் சொல்லுவாங்க. டம்ளரை ரெண்டு மணிக்கட்டால அணைச்சுத்தான் தூக்க முடியுது, ஜாக்கெட் ஹூக் பொண்ணுதான் மாட்டி விடுது, காலையில ஒரு மணி நேரம் வெரலே பிரியலன்னா அப்படியே சொல்லுங்க.

கடன் அடைக்கற வரிசை இப்படி. 4 பவுன்ல ஒரு 2 பவுனை வித்தாலே இன்னைக்கு விலைக்கு அந்த 1,10,000 அடைஞ்சுரும், வட்டி 1,600 மிச்சம், மீதி நகை வீட்டுக்கு வரும். பொண்ணுக்குன்னு வெச்சதுன்னு தயங்குவீங்க, வட்டியாவே அதைக் கரைச்சுட்டு இருக்கீங்களே. கிராஜுவிட்டி வந்ததும் ரெண்டாவது குரூப் லோனை முழுசா முடிச்சுருங்க. முதல் லோன் 3,200 கொழுந்தனாரோடது, அதை மாமியார், வீட்டுக்காரர் ரெண்டு பேரையும் வெச்சுகிட்டு, 5ஆம் தேதிக்குள்ள அவரே குரூப் லீடர்கிட்ட நேரா கட்டணும்னு பேசி எழுதி வாங்குங்க. திடீர்னு கட்டாம விட்றாதீங்க, குரூப்ல இருக்கற மத்த பொம்பளைங்க தலையில விழும். வசூலுக்கு வர்றவங்க காலையில 9 மணிக்கு முன்னாடியும் சாயங்காலம் 6க்கு அப்புறமும் கூப்பிடக்கூடாது, அதையும் தெரிஞ்சு வைங்க.

பிஎஃப் 1,60,000 அங்கயே வட்டியோட இருக்கட்டும். மருந்துக்குன்னு தேவைப்பட்டா அப்ப கொஞ்சம் எடுக்கலாம், வீட்டுல வேற யாருக்கும் எவ்வளவு இருக்குன்னு சொல்லாதீங்க.